இரவு 2 மணிக்கு இரண்டு முறை ஓடும் வேலை

கேள்வி: ஒன்று பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்று எங்கள் நூற்பாலையின் ஒருங்கிணைப்பு சர்வரை இரண்டாக்கினோம். இரண்டிலும் மென்பொருள்களுக்கிடையே தரவைக் கடத்தும் அப்பாச்சி கேமலும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் குவார்ட்ஸும் ஓடுகின்றன. மாதக் கடைசியில் இரவு 2 மணிக்கு வங்கிக்குப் போகும் சம்பளக் கோப்பு இப்போது இரண்டு முறை போகிறது. ஒரு சர்வரில் அந்த வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். போதுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது. நிறுத்தாமல் விட்டிருக்கும் சர்வர் அன்றிரவு படுத்துவிட்டால் யாருக்கும் சம்பளம் போகாது. அதற்கு முன், இரண்டாவது கோப்பை வங்கி தடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

குவார்ட்ஸ் தன் கால அட்டவணையை வழக்கமாக அந்தந்த சர்வரின் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். பக்கத்தில் இன்னொன்று ஓடுவது அதற்குத் தெரியாது. அட்டவணையை இரண்டுக்கும் பொதுவான தரவுத்தளத்துக்கு மாற்றி, சர்வர்கள் ஒரே குழுவாக வேலை செய்யும் கிளஸ்டர் அமைப்பை இயக்குங்கள். குவார்ட்ஸ் ஷெட்யூலரின் பெயர் இரண்டிலும் ஒன்றாகவும், சர்வரின் அடையாளம் வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். அதன் பிறகு 2 மணிக்கு இரண்டும் தரவுத்தளத்தில் உள்ள ஒரே வரிக்குப் பூட்டுக் கேட்கும். பூட்டு கிடைத்த சர்வர் வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும். அடுத்தது வந்து பார்க்கும்போது எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது.

அடுத்தது கடிகாரம். ஒவ்வொரு சர்வரும் சில நொடிகளுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று தரவுத்தளத்தில் நேரம் குறிக்கும். அந்தக் குறிப்பு பழசானால், மற்றது அதை இறந்ததாக எடுத்துக்கொள்ளும். மீட்பு கேட்கும்படி வேலையை அமைத்திருந்தால், அதைத் தானே மறுபடி ஓட்டும். பல வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லாம் முறைப்படி அமைத்தும் வேலை இரண்டு முறை ஓடியது. நாள் முழுக்க சர்வர்களின் லாகை, அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவுகளைப் புரட்டினோம். மாலையில் இரண்டு திரைகளையும் அருகருகே வைத்தபோதுதான் ஒன்றில் 5:42, மற்றதில் 5:45 என்று கண்ணில் பட்டது. மூன்று நிமிடம் பின்தங்கிய சர்வர் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்க, மற்றது அதைச் செத்ததாக நினைத்து அதன் வேலையைக் கையில் எடுத்திருந்தது. சர்வர்களின் நேரம் ஒரு நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பதே குவார்ட்ஸின் நிபந்தனை. கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒத்துவைக்கும் என்டிபி உண்மையிலேயே ஓடுகிறதா என்று இரண்டிலும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. நினைவகம் நிரம்பியோ நெட்வொர்க் அறுந்தோ ஒரு சர்வர் சிறிது நேரம் உறைந்து நின்று, பிறகு விழித்து, விட்ட இடத்திலிருந்து கோப்பை அனுப்பலாம். அதற்குள் மற்றது அனுப்பி முடித்திருக்கும். இதைப் பூட்டு தடுக்காது. ஆகவே நிறுவனக் குறியீடு, சம்பள மாதம் இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாட்டுடன் தரவுத்தளத்தில் தனி அட்டவணை (டேபிள்) வையுங்கள். அனுப்பும் முன் அதில் வரி எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அனுப்பக் கூடாது. கோப்பு வங்கியில் சேர்ந்த பின் அதே வரியில் 'முடிந்தது' என்று குறிக்கட்டும்.

வரி இருந்து, 'முடிந்தது' இல்லாவிட்டால்? உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் வங்கியிடம் விசாரித்துவிட்டுத் தன் கையால் மறுபடி அனுப்பட்டும். சம்பளப் பணத்தில் அந்த முடிவை நான் எந்த சர்வரிடமும் விட மாட்டேன்.