டாக்டர் வந்து சேரும்வரை: மாடுகளின் திடீர்க் கோளாறுகள், கேள்வி பதில்

கேள்வி (அரூர்): அண்ணா, விசேஷ வீட்டுல மிஞ்சுன சோத்தை வெளிய கொட்டி வெச்சிருந்தாங்க. எங்க ஜெர்சிப் பசு கயித்தை அத்துக்கிட்டுப் போய் ராத்திரி ரெண்டு கூடை தின்னிருச்சு. காலைல அசை போடல. சாணி தண்ணியா, புளிச்ச வாடையோட போகுது. சோடா உப்பு கொடுக்கலாமா?

பதில்: மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்குகிறது என்றால் கொடுக்கலாம். 100 முதல் 150 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து தூக்க வேண்டாம்; மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. கடைவாய் ஓரமாகப் பாட்டிலை வைத்து, ஒரு மடக்கு விழுங்கிய பிறகு அடுத்த மடக்கு. நாக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் அதனால் விழுங்க முடியாது. இருமினால் உடனே தலையைக் கீழே விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போன மருந்து நிமோனியாவாகத் திரும்பும். சோற்றில் பிழைத்த மாடு அதில் செத்துப்போகும்.

வெந்த சோறு, பொங்கல், மாவு எல்லாம் பெருவயிற்றில் மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும். கண் குழி விழுவது அதனால்தான். தவிடு, புண்ணாக்கு, கஞ்சி, கழுநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். தள்ளாடினாலோ, படுத்து எழவில்லை என்றாலோ வாய்வழியாக எதுவும் வேண்டாம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியே ஆக வேண்டும். சாணி ஏற்கெனவே தண்ணீராகப் போவதால் எப்படியும் இன்றே டாக்டர் பார்க்கட்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடும்போது எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது என்பதை முதலில் சொல்லுங்கள். தேறிய பிறகும் சில நாட்கள் நடையைக் கவனியுங்கள். அமிலம் ஏறிய மாட்டுக்குக் குளம்புக்குள் வீக்கம் வரும், அடி எடுத்து வைக்கவே யோசிக்கும்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): ஐயா, மழையில நனைஞ்ச காராமணிக் கொடியை மேஞ்சு இடது வயிறு முரசு மாதிரி ஆயிடுச்சு. கத்தியால குத்தினா காத்து போயிடும்னு சொல்றாங்களே?

பதில்: குத்தாதீர்கள். ஈரமான பயறுவகைத் தீவனத்தில் வருவது பெரும்பாலும் நுரை உப்புசம். காற்று தனியாகச் சேர்ந்திருக்காது, சின்னச் சின்ன நுரையாகத் தீவனத்தோடு கலந்திருக்கும். ஓட்டை போட்டாலும் அந்த நுரை வெளியே வராது. கத்தி போட்ட ஓட்டை வழியாகச் சாறு கசிந்து வயிற்றுச் சவ்வு அழுகிவிடும்.

நுரையை உடைப்பது எண்ணெய். 250 முதல் 500 மில்லி கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், மேலே சொன்ன அதே முறையில். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கட்டிவிட்டால் மென்றுகொண்டே இருக்கும், எச்சில் ஊறும், ஏப்பமும் வரும். மெல்ல நடத்துங்கள். நாக்கு நீலமாகி, வாய் பிளந்து மூச்சு வாங்கினால் நேரமே இல்லை என்று பொருள். அந்த நிலையில் டாக்டர் குழாய் ஊசி போடும் இடம் இடது பக்கத்தில் கடைசி விலா, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு மூன்றுக்கும் நடுவில் இருக்கும் குழி. அது பயிற்சி உள்ள கை செய்கிற வேலை.

இனிமேல் மழைக்காலத்தில் காலையில் வைக்கோல் போட்ட பிறகே பச்சைக் கொடியில் விடுங்கள்.

கேள்வி (பெருந்துறை): அண்ணா, நாலாவது ஈத்து. நேத்து சாயங்காலம் கன்னு போட்டுச்சு. இன்னைக்குக் காலைல கழுத்தை விலாப்பக்கம் மடிச்சு வெச்சுப் படுத்திருக்கு. காது ஐஸ் மாதிரி இருக்கு. கால்சியம் டானிக் பாட்டில் வீட்டுல இருக்கு, ஊத்தட்டுமா?

பதில்: ஊற்றவே கூடாது! இது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுத்தான் இருக்கும். சீம்பால் சுரக்க ரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச்சத்து மொத்தமாக மடிக்கு இறங்கிவிட்டது. சுண்ணாம்பு குறைந்தால் தசை வேலை செய்யாது, தொண்டைத் தசையும் அப்படித்தான். அதனால் இப்போது எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

டாக்டர் வரும்வரை மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் சாயவிட்டால் வயிறு உப்பும், அசைவயிற்று நீர் வாய்க்கு வந்து புரையேறும். மேலே சாக்கு போர்த்துங்கள். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் கால் மரத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

450 மில்லி கால்சியம் பாட்டிலை நரம்பில் மெல்ல ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்; இதை யாரும் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பல மாடுகள் ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே எழுந்துவிடும். எழுந்ததும் ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்குத் தேவையானதை மட்டும் ஓரிரு நாள் கறந்தால் போதும், இல்லையென்றால் மறுபடி விழும்.

அடுத்த ஈத்துக்கு ஒன்று சொல்கிறேன். சினையின் கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும். கன்று போட்ட அன்று திடீரென்று தேவைப்படும்போது எடுக்க வராது.

கேள்வி (திருவண்ணாமலை): கன்னு போட்டுப் பத்து மணி நேரமாச்சு, நஞ்சுக்கொடி தொங்குது. கல்லைக் கட்டி விடச் சொல்றாங்க.

பதில்: கல்லும் வேண்டாம், கையால் இழுக்கவும் வேண்டாம். பாதி அறுந்து உள்ளே நின்றால் கருப்பை சீழ் பிடிக்கும். சில சமயம் கருப்பையே புரண்டு வெளியே வந்துவிடும். தரையில் புரளும் அளவுக்குத் தொங்கினால் முழங்கால் மட்டத்தில் முடிச்சுப் போட்டுவிடுங்கள், நாயும் இழுக்காது. மாடு தின்றுவிடாமல் பாருங்கள். 12 மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோ (உடல் சூடு 103 டிகிரிக்கு மேல்), நாற்றமோ இருந்தால் 12 மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (ராசிபுரம்): மரவள்ளி இலையை ஆடு மாடு ரெண்டும் திங்குது. சில நேரம் ஒண்ணும் ஆகல, சில நேரம் பட்டுனு செத்துப்போகுது. ஏன்?

பதில்: இலையில் இருக்கும் சயனைடு எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. கொழுந்து, வறட்சியில் வாடி நின்ற செடி, வெட்டிய பின் வரும் மறுதளிர் இவற்றில் அதிகம். பசித்த மாடு வேகமாகத் தின்றால் நஞ்சு ஒரேயடியாக ஏறும். வைக்கோல் தின்று வயிறு நிறைந்த மாடு கொஞ்சம் கடித்தால் தாங்கிவிடும். பூக்காத சோளத் தட்டையும் இதே ஆபத்துதான், பூ எடுத்த பிறகே வெட்டுங்கள். மரவள்ளி இலையை நறுக்கி, நன்றாக வெயிலில் உலர்த்திக் கொஞ்சமாக மற்றத் தீவனத்தோடு கலந்து போடலாம்.

நஞ்சு ஏறினால் மூச்சு வாங்கும், தள்ளாடும், ஈறும் கண் உள்பக்கமும் செக்கச்செவேல் என்று இருக்கும். மாற்று மருந்து சோடியம் தயோசல்பேட், நரம்பு வழி ஊசி. நிமிடக் கணக்கில் நடக்கிற விஷயம் என்பதால் தொலைபேசியிலேயே "மரவள்ளி தின்றது" என்று சொல்லிவிடுங்கள், மருந்தைக் கையோடு எடுத்து வருவார்கள்.

கேள்வி (காங்கேயம்): மாடு எச்சிலா ஒழுக்குது, முழுங்க முடியல. தொண்டையில மாங்கொட்டை சிக்கியிருக்கும்னு நினைக்கிறேன். கையை விட்டு எடுக்கலாமா?

பதில்: வெறிநோயிலும் இதே மாதிரிதான் எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. குரல் மாறிக் கத்துகிறதா, காரணமில்லாமல் முட்ட வருகிறதா, சமீபத்தில் நாய் கடித்ததா என்று பாருங்கள். நாய் கடித்ததே தெரியாமலும் இருக்கலாம், அதனால் சந்தேகம் தீரும்வரை வாயில் கை விடாதீர்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசியைக் கேளுங்கள்.

கொட்டைதான் என்றால் கழுத்தின் இடது பக்கம் தடவினால் கட்டியாகத் தட்டுப்படலாம். கம்பால் குத்தித் தள்ளாதீர்கள், உணவுக்குழாய் கிழிந்தால் பிழைக்காது. ஏப்பம் வெளியேற வழியில்லாமல் வயிறும் சேர்ந்து உப்பும், அதனால் தீவனம், தண்ணீர் இரண்டையும் நிறுத்திவிட்டு டாக்டரை வரவழையுங்கள்.