மின் தொகுப்பில் ஏஐ: கேள்வி பதில்

மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன் செய்யும் லோடு டெஸ்பாட்ச் மையத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நாகர்கோவில் வாசகர்: ஆரல்வாய்மொழிப் பக்கம் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. இதில் ஏஐக்கு என்ன வேலை?

காற்று எப்போது அடங்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் வேலை, ஐயா. காற்றாலையின் உற்பத்தி காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விநாடிக்கு 8 மீட்டர் அடித்த காற்று 6 ஆனால், கிடைக்கும் மின்சாரம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆடி மாதத்தில் கணவாய் முழுக்க ஒரே நேரத்தில் இப்படி ஆனால் யோசித்துப் பாருங்கள். குளிர்ந்து கிடக்கும் அனல் யூனிட்டை எழுப்ப மணிக்கணக்காகும். தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட்டைச் சில நிமிடங்களில் தந்துவிடும். ஆனால் மேல் அணையில் தண்ணீர் இருக்க வேண்டுமே! அதனால் சோலார் தாராளமாக வரும் மதிய வேளையிலேயே பம்ப் செய்து வைப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். நாள் ஒன்றை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாக்கித்தான் எங்கள் கணக்கு நடக்கிறது. வானிலைத் தரவையும் காற்றாலைகளின் பழைய பதிவுகளையும் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஏஐ ஒரு மதிப்பீடு தரும். இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்தால் ஷிப்டில் இருப்பவருக்கு அது பெரிய வரம்.

திருச்சி மாணவி: அப்படியானால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரையும் ஏஐயிடமே விட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. பழுதைக் கண்டு பிரேக்கருக்கு உத்தரவிடும் ரிலே என்ற கருவி, பழுதான லைனைக் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதன் விதியை எழுதி வைத்து, சோதித்துப் பார்க்கவும் முடியும். ஏன் அப்படிச் செய்தது என்று விளக்க முடியாத ஒன்றை அந்த இடத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சேலம் வாசகர்: டிரான்ஸ்பார்மர் பராமரிப்பில் உதவுமா?

நன்றாகவே உதவும். கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து, அதில் கரைந்துள்ள வாயுக்களைப் பார்ப்போம். அசிட்டிலீன் கூடினால் உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான டிரான்ஸ்பார்மர்களின் பல வருடப் போக்கை ஒப்பிட்டு, எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த ஏஐ கைகொடுக்கும்.

சென்னை வாசகர்: 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டதே, ஏஐ இருந்திருந்தால் தடுத்திருக்குமா?

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஜூலை 30 அன்று வட தொகுப்பு விழுந்தது. மறுநாள் அதோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் லைனில் சுமை ஏறிக்கொண்டிருந்தது தெரியாமல் இல்லை. தொகுப்பிலிருந்து மின்சாரம் இழுப்பதைக் குறைக்கும்படி மண்டல மையம் சொல்லியும் மாநிலங்கள் போதிய அளவு குறைக்கவில்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். அன்று தென் தொகுப்பு தனியாக இயங்கியதால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 முதல், ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அதே தொகுப்பில்தான் இருக்கிறோம்.