ஸ்பேனர் பழசா இருக்கலாம், டயர் கூடாது: பழைய போர்ஷே கேள்வி-பதில்

கேள்வி: 1965 மாடல் போர்ஷே 911-க்கு ‘முழு ஒரிஜினல்’ டூல் கிட் (வண்டியோடு வரும் கருவிப் பை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்பேனர் எல்லாவற்றிலும் ஹாசெட் என்று பொறித்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஜெர்மனியின் ரெம்ஷைட் ஊரில் 1868-ல் தொடங்கிய கம்பெனி அது, இன்றும் ஸ்பேனர் செய்கிறது, அதனால் பெயர் இருப்பதாலேயே அது 1965 சரக்கு ஆகிவிடாது. தண்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஸ்பேனர்களில் டின் (DIN, ஜெர்மன் தர நிர்ணயம்) 895 என்று இருக்கும், டின் 3110 பிற்காலத் தரம். 65 வண்டியின் பையில் 3110 இருந்தால் யாரோ சந்தையில் பொறுக்கிச் சேர்த்த செட் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அப்புறம், எல்லாவற்றையும் வெயிலில் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று பளபளவென்று குரோம், பக்கத்தில் இருப்பது மங்கிய சாம்பல், எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி என்றால் அவை ஒரே பையில் பிறந்தவை அல்ல. பையையும் விடாதீர்கள். பல வருடம் ஒரே இடத்தில் கிடந்த ஸ்பேனர் துணியில் துரு நிழல் விட்டிருக்கும், அந்தக் கறையின் மேல் ஸ்பேனரை வைத்தால் அளவு பொருந்த வேண்டும். பொருந்தவில்லையா, விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த ஸ்பேனர்களுக்குப் புது முலாம் போடலாமா?

வேண்டாம். எண்ணெயில் ஊறவிட்டுப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். முலாம் போட்டுப் பொறிப்பை மழுங்கடித்தால் மதிப்பு போச்சு.

கேள்வி: எழுபதுகளின் பிரெல்லி சிஎன்36 டயர் நான்கு, ஓடாதவை, ஒரு ஷெட்டில் கிடைத்தன. பட்டன் (ரோட்டில் படும் வரிப்பள்ளம்) அப்படியே இருக்கிறது. மாட்டலாமா?

ஷோவில் வண்டியை நிறுத்தி வைக்கலாம், ஓட்டக் கூடாது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும், உள்ளே இருக்கும் பெல்ட் அடுக்கு விட்டுப்போகும், அது 140 கி.மீ. வேகத்தில் போகும்போதுதான் தெரியவரும். அதே சிஎன்36-ஐ பிரெல்லி இப்போது புதிதாகவே செய்கிறது. 1973-ன் 911 கரேரா ஆர்எஸ் 2.7-ன் அளவுகளான முன்னால் 185/70, பின்னால் 215/60 (இரண்டும் 15 அங்குலம்) கிடைக்கின்றன, அப்படியிருக்க பழசோடு எதற்கு மல்லுக்கட்டு? எதை வாங்கினாலும் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ம் வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது, பேச்சே வேண்டாம்.

கேள்வி: போர்ஷே 356 ஏ வண்டிக்கு முன்னால் மட்டும் ரேடியல் (உள்நூல் குறுக்கே நேராக ஓடும் டயர்), பின்னால் பழைய கிராஸ்பிளை (உள்நூல் சாய்வாகப் பின்னிய டயர்). தப்பா?

தப்புதான், அதுவும் ஆபத்தான பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொள்ள, எஞ்சின் பாரம் உட்கார்ந்த பின்பக்கம் வளைவில் முதலில் வழுக்கும். ஜெர்மனியில் இந்தக் கலவைக்குச் சட்டத்திலேயே இடமில்லை. பழைய தோற்றம் வேண்டுமென்றால் நான்கும் 5.60-15 கிராஸ்பிளை, நிம்மதியாக ஓட்ட வேண்டுமென்றால் நான்கும் 165 ஆர் 15.

ட்யூப் வேண்டுமா என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். டயர் ஓரம் நழுவாமல் பிடிக்கும் மேடு ரிம்மில் இல்லையென்றால் போடுங்கள். போடும் முன் டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகித லேபிளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அது ட்யூபை அரித்தே ஓட்டையாக்கும்.

கேள்வி: ஃபுக்ஸ் வீலின் (பழைய 911-ன் அலாய் சக்கரம்) நட்டை கிட்டில் இருக்கும் ரெஞ்சாலேயே முறுக்கலாமா?

வழியில் பஞ்சர் ஆனால் முறுக்குங்கள், வீடு வந்ததும் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) 130 நியூட்டன் மீட்டர் வைத்துச் சரிபாருங்கள். நட் அலுமினியம் என்பதால் டயர் கடையில் ஏர் கன்னை எடுத்தால் தடுத்துவிடுங்கள். கிட்டோடு வந்த ஜாக்கை உபயோகிக்கும் முன் வண்டியின் பக்கவாட்டில் அது நுழையும் குழாயைத் தட்டிப் பாருங்கள். சுற்றிலும் தகடு துருப்பிடித்துப் பொருபொருத்திருந்தால் வண்டி மேலே ஏறாது, ஜாக்தான் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறும்.