முயலின் தாடைக்கட்டியைப் பிதுக்க வேண்டாங்க

தாராபுரத்துல இருந்து கேட்டிருந்தீங்க: மூணு வயசு முயலுக்குத் தாடைக்குக் கீழே சுண்டக்காய் அளவுல ரெண்டு கட்டி, தீவனத்தையும் ஒதுக்குது, மஞ்சப்பத்துப் போட்டு உடைக்கலாமான்னு. வேண்டாங்க. முயலோட சீழ் தண்ணியா வடியாது. பற்பசை மாதிரி கெட்டியா, சுத்தி ஒரு உறையோட இருக்கும். பிதுக்கினா உள்ளேயே பரவிடும்.

தாடையில வர்ற சீழ்க்கட்டி பெரும்பாலும் பல்வேர்ல இருந்துதான் கிளம்பும். எங்க முயலுக்கு முதல்ல கட்டியை மட்டும் கீறிவிட்டாங்க, ரெண்டே மாசத்துல அதே எடத்துல திரும்ப வந்துச்சுங்க. பல்லைப் பிடுங்கினப்புறந்தான் ஆறுச்சு. அதனால ஊசியில உறிஞ்சிப் பார்க்கறதோட, மண்டை எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டுல மிச்சமிருக்கற அமாக்ஸிசிலின்ங்கற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழியாக் குடுத்துடவே குடுத்துடாதீங்க. குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்து, முயல் உசிருக்கே ஆபத்தாயிடும்.

அரை நாள் எதுவுமே திங்காம, புழுக்கையும் போடாம இருந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே கிளம்புங்க. தேறினப்புறம் குச்சித்தீவனத்தை (பெல்லட்) குறைச்சு, காய்ஞ்ச கொழுக்கட்டைப்புல் நிறையப் போடுங்க. கொறங்காட்டுப் (வேலிகட்டின மேய்ச்சல் காடு) பக்கம் கேட்டா கிடைக்கும். அதை மென்னாத்தான் பல்லு தேயும். எக்ஸ்ரேயில என்ன தெரிஞ்சதுன்னு எழுதுங்க.