மிக்சர் ஊளையிட்டால் முதலில் கெயினைப் பாருங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்காக இளைஞர்கள் சேர்ந்து 8 சேனல் மிக்சர் வாங்கினோம். பட்டிமன்றத்தில் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது, குறைத்தால் மந்தைத் திடலின் கடைசிக்குக் கேட்கவில்லை. பாட்டுப் போட லேப்டாப்பைச் செருகினால் 'உம்ம்' என்று இரைகிறது. மிக்சர் பழுதா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மிக்சரில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கெயினை ஒரு மூலையில் வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஃபேடரில் (சேனலின் அடியில் மேலும் கீழும் தள்ளும் சத்தக் கட்டை) சமாளிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை மிக்சர் கையாளும் அளவுக்கு உயர்த்துவது சேனலின் உச்சியில் இருக்கும் கெயின் குமிழ். அது தப்பினால் கீழே எதைத் திருகியும் பயனில்லை.

ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, பி.எஃப்.எல். பட்டனை (ஃபேடருக்கு முன்பே அந்தச் சேனலின் அளவை மீட்டரில் காட்டுவது) அழுத்துங்கள். ஒருவரை மைக்கில் பேசச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று முனகினால் போதாது. நம் ஊர்ப் பேச்சாளர் கைத்தட்டு வாங்கும் இடத்தில் குரலை எப்படி உயர்த்துவாரோ, அப்படிப் பேச வேண்டும். அந்த உச்சத்திலும் சிவப்பு விளக்கு எரியாமல், மீட்டர் 0 பக்கம் வந்துபோகும் வரை கெயினைத் திருப்புங்கள். அப்புறம் ஃபேடரை 0 கோட்டுக்கு ஏற்றுங்கள். பேச்சு மைக்குகளில் 'லோ கட்' (தாழ்ந்த ஒலியை வெட்டும்) பட்டனையும் அழுத்திவிடுங்கள். திறந்த வெளியில் காற்று மைக்கில் 'பொம் பொம்' என்று மோதுவது பெருமளவு குறையும்.

சரி, ஊளை. மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் திரும்ப அதே மைக்குக்குள் நுழைவதுதான் அது. ஸ்பீக்கர் பாக்ஸ்களை மைக் வரிசைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பட்டிமன்றத்தில் நடுவரும் அணிக்கு மூவருமாக 7 மைக் திறந்திருக்கும். திறந்த மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை வராமல் ஏற்றக்கூடிய சத்தம் சுமார் 3 டெசிபல் குறைகிறது. ஆகவே பேசுபவர், நடுவர் தவிர மற்றவற்றை மியூட்டில் போடுங்கள். திருவிழா முடியும்வரை மிக்சர் பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும். இதைவிட முக்கியமான வேலை அவருக்கு இல்லை.

பேசுபவர் மைக்கை ஒரு அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டுவந்தால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு குமிழையும் தொடாமல். வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதைத் தடுங்கள். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் துளைகள் அடைபட்டு, நல்ல மைக்கும் ஊளையிடும். இவ்வளவும் செய்த பிறகும் கீச்சிட்டால் மட்டும் ஈக்யூவைத் (கனத்த ஒலி, கீச்சொலி எனப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) தொடுங்கள், அதிலும் குறைக்க மட்டும்.

லேப்டாப்பின் 'உம்ம்'முக்கு ஒரு சோதனை: சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் எர்த்து இரு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் கொடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் நடுவில் டி.ஐ. பாக்ஸ் (இரண்டுக்கும் இடையே எர்த்து இணைப்பைத் துண்டிக்கும் சிறு பெட்டி) போடுங்கள். அலங்காநல்லூர் பக்கம் ஒரு ஊரில் ஒருமுறை மணிக்கணக்கில் இந்த இரைச்சலைத் தேடினேன். கடைசியில் பார்த்தால், மைக் கேபிளும் சீரியல் செட் வயரும் ஒரே கம்பத்தில் பின்னிக் கிடந்தன. இரண்டையும் பிரித்ததும் அடங்கிவிட்டது.

இரைச்சல் போக பிளக்கின் எர்த்துப் பின்னை உடைக்கச் சொல்வார்கள் சிலர். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரத் தரையில் மைக்கைப் பிடித்து நிற்பவர் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் எழும் 'தட்' சத்தத்தில் ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் பகுதி) போய்விடலாம்.