நொறுங்கிய காரைக் காயலான் கடைக்குக் கொடுக்கும் முன்

வணக்கம். லாரி மோதி நொறுங்கிய உங்கள் 2009 ஆல்டோவை காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் ‘டோட்டல் லாஸ்’ (முழு இழப்பு) என்று எழுதிவிட்டதால், காயலான் கடையில் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அப்படித்தான் எழுதுவார்கள். உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைக் கழித்தே இழப்பீடு வரும் என்பதால், அந்தக் கழிவுத் தொகையை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆர்.சி. எனும் பதிவுச் சான்றுதான். வண்டி இனி ஓடாது என்றானபின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால், வண்டியின் அடையாளமான சேசிஸ் எண் பொறித்த கையகலத் தகட்டை வெட்டியெடுத்துத் திருட்டு வண்டியில் வெல்டிங் செய்து ஓட்டுபவர்களின் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுவதே பாதுகாப்பானது.