சின்னப் படை, பெரிய பில்: ஸ்கர்மிஷ் மினியேச்சர் வாங்குவோர் கேட்டவை

பக்கத்துக்குப் பத்துச் சிப்பாய், சில பகடைகள், ஒரு மேசை. இவ்வளவு போதும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். இக்கால ராணுவத்தை வைத்து ஆடும் ஸ்கர்மிஷ் ஆட்டங்களுக்கு, அதாவது சில வீரர் பொம்மைகளை மட்டும் மேசையில் மோதவிடும் சிறு சண்டை ஆட்டங்களுக்கு, எதை வாங்குவது, எதை விடுவது என்று வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: 15 மி.மீ., 20 மி.மீ., 28 மி.மீ. என்று மூன்று அளவில் பொம்மை கிடைக்கிறது. எனக்கு வேண்டியது மொத்தமே இருபது பேர். பெரிய அளவிலேயே வாங்கிவிடலாமா?

இருபது பேரோடு நிற்பீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். யாரும் நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். நவீன காலச் சண்டை என்றால் முதலில் ஒரு பிக்கப் வண்டி தேவைப்படும், அப்புறம் கவச வண்டி, ஒரு நாள் டாங்கும் வந்து நிற்கும். ஐந்து மீட்டர் நீளமுள்ள பிக்கப், 28 மி.மீ. பொம்மைக்குப் பொருந்தும் 1/56 ஸ்கேலில் 9 செ.மீ. இருக்கும், 15 மி.மீ. பொம்மைக்கான 1/100 ஸ்கேலில் 5 செ.மீ. தான். டி-72 டாங்க், முன்னால் நீளும் பீரங்கியையும் சேர்த்தால் ஒன்பதரை மீட்டர். 1/56 ஸ்கேலில் அது 17 செ.மீ. அறுபது சென்டிமீட்டர் மேசையில் அதை வைத்துவிட்டு எங்கே ஆடுவது? விலையும் அந்த நீளத்தோடு சேர்ந்தே ஏறும்.

என்னைக் கேட்டால் 20 மி.மீ., அதாவது 1/72. பல பத்தாண்டுகளாகப் பிளாஸ்டிக் மாடல் கிட் தயாரிப்பாளர்கள் இந்த ஸ்கேலில் வண்டிகளை வெளியிட்டு வருகிறார்கள். வேண்டிய வண்டி ஏதாவது ஒரு பெட்டியில் இருக்கும். ரயில் மாடல்காரர்களின் 1/76 ஸ்கேல் வீடுகளும் இந்தப் பொம்மைகளுக்கு ஓரளவு சரியாகப் பொருந்தும். மேசை சிறியது என்றால் 15 மி.மீ. எடுங்கள். முகத்தையும் கையுறையையும் மார்க்கவசப் பைகளையும் ரசித்து ரசித்துப் பெயின்ட் அடிப்பதுதான் உங்கள் ஆசை என்றால் 28 மி.மீ.; அதில் தப்பே இல்லை, ஆனால் அப்போது நீங்கள் காசு கொடுப்பது பெயின்டிங்குக்கு, ஆட்டத்துக்கு அல்ல. 6 மி.மீ. இதற்கு வேண்டாம். யார் கையில் மெஷின் கன், யார் கையில் ரைஃபிள் என்று குனிந்து குனிந்து பார்த்தே முதுகு போய்விடும்.

இன்னொன்று. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சில நிறுவனங்கள் பாதத்திலிருந்து கண் வரை அளக்கும், சில தலை உச்சி வரை அளக்கும். 28 என்று போட்ட இரண்டு பொம்மைகளை அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். வெவ்வேறு நிறுவனப் பொம்மைகளைக் கலக்கப் போகிறீர்கள் என்றால், அளவுகோலோடு வைத்து எடுத்த படம் ஒன்றை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விதிப்புத்தகம் வாங்கி ஆடினோம். ரைஃபிள் மேசை முழுவதும் சுடுகிறது. இரண்டாவது சுற்றிலேயே எல்லோரும் காலி. புத்தகத்தைத் திருப்பித் தரலாமா?

தர வேண்டாம், புத்தகம் சொல்வது சரிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரைஃபிளின் பயனுள்ள தூரம் 300 மீட்டர் என்று வைத்தால், 1/72 ஸ்கேலில் அது நான்கு மீட்டருக்கும் மேல். உங்கள் மேசை நான்கடி, சுமார் 120 செ.மீ. நிஜ அளவில் அது 86 மீட்டர். அந்தத் தூரத்தில் கண்ணில் பட்டவன் எல்லாம் குறிக்குள் இருக்கிறான். வாளும் வேலும் தூக்கும் பழங்காலப் படைகளுக்கு வெட்டவெளி மேசை போதும். நவீன ஆட்டத்தில் மறைவிடம்தான் ஆட்டமே. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: கையில் இருக்கும் தொகையில் பாதியையாவது டெரெய்னுக்கு, அதாவது மேசையில் வைக்கும் வீடு, சுவர், புதர்களுக்கு, ஒதுக்குங்கள், பொம்மை மிச்சத்தில் வாங்குங்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மேசையை அடுக்கிவிட்டு, ஒரு ஓரத்தில் குனிந்து கண்ணைப் பொம்மையின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எதிர் ஓரம் தடையில்லாமல் தெரிகிறதா? அந்த இடத்தில் ஒரு சுவர் குறைகிறது. இப்படி நாலு பக்கமும் பாருங்கள். நடுவில் ஒரு தெரு மட்டும் நீளமாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். அதைக் கடக்க யாராவது துணிந்தாக வேண்டும், ஆட்டம் அங்கேதான் சூடுபிடிக்கும்.

வாங்கும் வரிசை: கூரை கழற்றக்கூடிய இரண்டு மூன்று வீடுகள், நிறையத் தாழ்வான சுவர்கள், புதர், பெட்டி, எரிந்த கார். லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) கிட் உறுதியானது. அச்சிட்ட காகிதத்தை ஃபோம் போர்டில் ஒட்டிச் செய்யும் வீடு மிகமிக மலிவு, ஆட்டத்துக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. கட்டடம் வாங்கும்போது கதவின் உயரத்தைக் கேளுங்கள். பொம்மைக்கு அடியில் ஒட்டும் பேஸ் இரண்டு மூன்று மி.மீ. உயர்த்திவிடும், கதவுக்குள் நுழைய முடியாமல் தலை இடிக்கும் படை பார்க்கவே பாவமாக இருக்கும்.

கேள்வி: ஒரு பெட்டியில் 40க்கும் மேற்பட்ட 1/72 பிளாஸ்டிக் வீரர்கள், இன்னொன்றில் எட்டே உலோக வீரர்கள், விலை கிட்டத்தட்ட ஒன்று. முதலாவதுதானே லாபம்?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கையில் என்ன ஆயுதம் என்று பாருங்கள். அமெரிக்கத் தரைப்படையின் ரைஃபிள் குழுவில் 9 பேர்: ஒரு தலைவர், நான்கு நான்கு பேராக இரண்டு அணிகள். ஒவ்வோர் அணியிலும் இலகு மெஷின் கன்காரர் ஒருவர், கிரனேட் லாஞ்சர்காரர் ஒருவர். நாற்பது பேர் பெட்டியில் மெஷின் கன் இரண்டே இருந்து, பாக்கிப் பேர் பைனாகுலரில் பார்ப்பதும் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தால், உங்களுக்குப் பயன்படுவது பதினைந்து தேறினால் அதிகம். எட்டுப் பேர் பேக்கில் எல்லோரும் சண்டைக்காரர்களாக இருந்தால் அதுதான் லாபம். பேஸ் சேர்த்துத் தருகிறார்களா, தபால் செலவு எவ்வளவு என்பதையும் கூட்டி, ஒரு பொம்மைக்கு எவ்வளவு விழுகிறது என்று பிறகு வகுத்துப் பாருங்கள்.

மலிவு 1/72 பொம்மைகள் பெரும்பாலும் வளையும் பிளாஸ்டிக். துப்பாக்கிக் குழாய் வளையும்போது அதன் மேலிருக்கும் பெயின்ட் உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, கடைசியில் வார்னிஷும் பூசினால் தாக்குப்பிடிக்கும். அந்த வேலைக்கும் ஒரு விலை உண்டு.

கேள்வி: பேக்கில் “நவீன அமெரிக்க வீரர்கள்” என்று மட்டும் இருக்கிறது. எந்தச் சண்டைக்கும் சரிவருமா?

வராது. ஹெல்மெட்டைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். வியட்நாம் காலத்து எம்1 இரும்பு ஹெல்மெட் வேறு, அதற்குப் பதிலாக 1980களில் வந்த, காதை மூடி இறங்கும் கெவ்லார் ஹெல்மெட் வேறு, காதுப் பக்கம் உயர வெட்டி ஹெட்செட் மாட்டிய இன்றைய சிறப்புப் படை ஹெல்மெட் வேறு. எந்த ஆண்டுச் சண்டை என்று முதலில் முடிவு செய்துவிட்டு பொம்மை தேடுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு, சாதாரண உடையில் ஏகே ரைஃபிள் ஏந்திய ஒழுங்குமுறையற்ற படை ஒரு செட் வாங்கி வைத்தால் பல ஆண்டுகளின் பல சண்டைகளுக்கு அதுவே ஓடும். இரண்டு பக்கத்தையும் நீங்களே வாங்கிவிடுவதும் நல்லது. நண்பர் தன் படையை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவரும் வரை காத்திருந்தால் ஆட்டம் தொடங்கின மாதிரிதான்.

கேள்வி: இணையத்தில் பார்த்த படம் பிரமாதம். வந்த ரெசின் பொம்மையில் கோடு கோடாக இருக்கிறது, துப்பாக்கி வளைந்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது. குறை என்று சொல்லலாமா?

மூன்றும் மூன்று விஷயம். அச்சில் வார்த்த பொம்மையில் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு இருக்கும், கத்தியால் சுரண்டிவிடலாம். வளைந்த துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும். இவை குறையல்ல, வேலை. ஆனால் கை பாதியில் நின்றுபோயிருந்தால், முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பிசுபிசுப்புதான் கவனிக்க வேண்டியது. வார்த்த பொம்மை என்றால் அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பூச்சாக இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். த்ரீடி பிரின்டரில் எடுத்த பொம்மை என்றால், ரெசினைச் சரியாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாக இறுகவைக்கவில்லை என்று அர்த்தம். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், அதைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். எதுவானாலும் கத்தி வைக்கும் முன், பெயின்ட் அடிக்கும் முன் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். ஒருமுறை வெட்டிவிட்டால் குறை யாருடையது என்ற பேச்சு முடியாது.

நீங்கள் பார்த்த அந்தப் பிரமாதமான படம் கணினியில் வரைந்ததா, நிஜப் பொம்மையின் புகைப்படமா என்று அடுத்த முறை முதலிலேயே கேளுங்கள். சாம்பல் நிறத்தில், நிழல்கூடப் பிசிறில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வேறொருவர் வடிவமைத்ததைப் பிரின்ட் எடுத்து விற்க, விற்பவருக்கு வணிக உரிமம் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய எஸ்டிஎல் ஃபைல் (த்ரீடி பிரின்டருக்கான வடிவமைப்புக் கோப்பு) பெரும்பாலும் விற்பனை உரிமையைத் தராது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஒரே பசை போதுமா?

போதாது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ. கெட்டியான மாடல் கிட் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டுவதால் உலோகத்தில் வேலை செய்யாது. பேஸில் மணல் ஒட்டச் சாதாரண வெள்ளைப் பசை.

கேள்வி: விசேஷப் பகடையும் டோக்கன் பேக்கும் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பகடை சில விதிகளுக்கு அவசியம். வீரர்களின் பயிற்சிக்கேற்ப ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு முகப் பகடை தரும் விதிகள் உண்டு. நான்கும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி என்றால், ஆறு முகத்தில் பாதிக்குப் பாதி வாய்ப்பு; பன்னிரண்டு முகத்தில் முக்கால். அதனால் பகடை வாங்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள். வீரனின் நிலையைக் காட்ட வைக்கும் டோக்கன் வேண்டவே வேண்டாம். குண்டுமழையில் தலை தூக்க முடியாமல் கிடப்பவன் பக்கத்தில் ஒரு சிறு கல்லை வையுங்கள், புகைக்குப் பஞ்சு.

கேள்வி: கூட்டுநிதித் திட்டம் ஒன்றில் ஒரு முழுப் படையைப் பாதி விலைக்கு அறிவித்திருக்கிறார்கள். போடலாமா?

அது கடை இல்லை. இன்னும் செய்யாத ஒன்றைச் செய்ய நீங்கள் பணம் தருகிறீர்கள். தாமதம் சகஜம், வராமலும் போகலாம், தபாலும் இறக்குமதி வரியும் பின்னால் தனியாக வரும். போனாலும் பரவாயில்லை என்ற தொகை என்றால் போடுங்கள்.

கேள்வி: பழைய உலோகப் பொம்மைகள், பெயின்ட் அடித்தது, மொத்தமாக விலைக்கு வருகிறது. வீட்டில் சின்னக் குழந்தை உண்டு.

பழைய வார்ப்புகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஈயமில்லாத வெள்ளீயக் கலவை. ஆனால் பழைய குவியலில் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. பெரியவர்கள் ஆடுவதில் தவறில்லை, ஆடியதும் கை கழுவ வேண்டும். அரத்தால் தேய்க்கும்போது பறக்கும் தூளைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயதென்றால், ஈயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவுப் பொம்மை எதுவும் அதன் கைக்கு எட்டக் கூடாது; துப்பாக்கியும் தலையும் உடைந்து தொண்டையில் போகும் அளவுதான். பூட்டக்கூடிய பெட்டி இருக்கிறது என்றால் அந்தக் குவியலை வாங்குங்கள், இல்லையென்றால் முதலில் பெட்டியை வாங்குங்கள்.